சேமியாவுக்குப் பித்தம் இறங்கிய ஆடி

ஜூலை 6, ஞாயிறு

பெண் பார்க்க வந்தவர்கள் இப்போதுதான் கிளம்பினார்கள். வீடு முழுக்க கேசரி வாசனை. அம்மா வாசலில் நின்று, தெருமுனை திரும்பிவிட்ட காருக்கு இன்னும் கையசைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை பெயர் குணசீலன். திருச்செங்கோட்டில் மின்வாரிய உதவிப் பொறியாளர். அவருடைய அம்மா வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரே பல்லவி. "பதினோராயிரம் வோல்ட் லைன்கிட்ட நின்னு வேலை வாங்குற பையனுங்க. பயம்னா என்னன்னே தெரியாது." என் அம்மா அதைக் கேட்டு, ஏதோ டிரான்ஸ்பார்மருக்கே வாழ்க்கைப்படப் போகிறவளைப் போல என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தனியாக என்றால் சேமியாவும் உண்டு. எட்டு வயது காக்கர் ஸ்பானியல். வறுத்த சேமியா நிறம், அதே நெளிநெளியான காது. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருவாள். முன்னறையில் என் தையல் மெஷினுக்குக் கீழே படுத்துக்கொண்டு, ரவிக்கை அளவு கொடுக்க வருகிற பெண்களின் கால்விரலை எல்லாம் முகர்ந்து பார்ப்பது அவளுடைய தொழில்.

மாடிக்கு வந்ததும் குணசீலன் தண்ணீர்த் தொட்டியின் மேடைமேல் ஏறி நின்றுகொண்டார்.

"கீழ வாங்களேன்," என்றேன்.

"இங்க காத்து நல்லா வருதுங்க."

அண்ணாந்து பார்த்தே பேசினேன். "கல்யாணத்துக்கப்புறமும் தைப்பேன்."

"தைங்க."

"சேமியா என்கூடத்தான் வருவா. அவ வரலைன்னா நானும் வரமாட்டேன்."

அவர் சேமியாவைப் பார்த்தார். சேமியா வாலை ஆட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் மேடையில் இன்னும் ஒரு அடி பின்னால் போனார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"வரட்டுங்க."

ஒரே மூச்சில் சொன்னார். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. போன தடவை வந்தவன் நாயைக் கொட்டகையில் கட்டலாமா என்று கேட்டான்.

ஜூலை 7, திங்கள்

சரி என்று சொல்லிவிட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் போட்டிருந்த பச்சைச் சட்டை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. ஆடி வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் பறந்தார்கள். கல்யாணம் ஆவணியில். மோதிரத்தை அவர் ஒரே தடவையில் போட்டுவிட்டார். நான்தான் கீழே போட்டுத் தேடி எடுத்தேன். ஆரி எம்பிராய்டரி ஊசியை நாள் முழுக்கப் பிடிக்கிற கை!

சேமியா மத்தியானம் வாந்தி எடுத்தாள். "லட்டு தின்னுருக்கும்" என்றாள் அம்மா. ஆனால் மாலையில் முட்டை வைத்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாமக்கல்லில் பிறந்து முட்டையை வேண்டாம் என்கிற முதல் ஜீவன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் சாப்பிடவில்லை. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது.

குணசீலன் தினமும் போன் செய்கிறார். எடுத்ததும் முதல் கேள்வி, "சேமியா எங்கீங்க இருக்கு?" நேரில் வந்தாலும் அதேதான், வாசல் கேட்டிலேயே நின்று, "சேமியா எங்கீங்க?" எத்தனை அக்கறை பாருங்கள். என்னைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்கிறார். எனக்கு அதில் கோபமெல்லாம் இல்லை.

ஜூலை 16, புதன்

காலையில் சேமியா கொட்டாவி விட்டபோது பார்த்தேன். ஈறு மஞ்சள். கண்ணின் வெள்ளை மஞ்சள். காதைத் திருப்பினால் உள்பக்கம் மாம்பழத் தோல் மாதிரி இருந்தது. ஸ்கூட்டியில் முன்னால் நிற்கவைத்துப் பக்கத்துத் தெரு நாய் டாக்டரிடம் ஓடினேன்.

"உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், இங்க அதான் ஜாஸ்தி," என்று ரத்தம் எடுத்தார். மாலையில் ரிசல்ட் வந்தது. உண்ணிக் கிருமி இல்லை. ஆனால் மஞ்சள் காமாலை அளவு எங்கேயோ ஏறி நிற்கிறது. அவர் யோசித்துவிட்டு, "வெளிக்குப் போறது என்ன கலர்ல இருக்கு?" என்று கேட்டார். 

யார் பார்த்தார்கள்! வீட்டுக்கு வந்து கொல்லையில் தேடிப் பார்த்தேன். சுவருக்குப் பூசுகிற பட்டி மாதிரி வெளுத்திருந்தது. போனில் சொன்னேன்.

"அப்ப அடைப்பு. இங்க வெச்சுப் பாக்கற விஷயமில்லம்மா. நீங்க கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

அம்மா சேமியாவைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெக்கறதுக்கு முன்னால நீ எதுக்குடி மஞ்சப் பூசிட்டு நிக்கற?" என்றாள். நான் சிரித்தேன். அப்புறம் மெஷினுக்குக் கீழே தலையை விட்டு, நூல் தேடுகிற மாதிரி வெகுநேரம் இருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

கல்லூரி ஆஸ்பத்திரி. மாடு, ஆடு, ஒரு வான்கோழி, நாங்கள். டாக்டர் பெயர் நஸ்ரீன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவராக இருப்பார். வேகமாகப் பேசுகிறார், மெதுவாகத் தொடுகிறார்.

வயிற்றில் முடியை மழித்து ஸ்கேன் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"கிவி பழத்தைக் குறுக்க வெட்டுனா எப்படி இருக்கும்? அப்படித் தெரியுதா? அது இவளோட பித்தப்பை. உள்ள தண்ணியா இருக்க வேண்டியது கெட்டியா ஜெல்லியாயிருச்சு. அதுல கொஞ்சம் நழுவி வந்து பித்தக் குழாயை அடைச்சுட்டிருக்கு. கல்லீரல்ல ஊறுற பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாம ரத்தத்துக்குத் திரும்புது. அதான் உடம்பெல்லாம் மஞ்சள். குடலுக்குப் பித்தம் போகாததால மலத்துல நிறமில்லை."

"மருந்துல கரையாதுங்களா?"

"இவ்வளவு அடைச்சப்புறம் மருந்து பிரயோஜனமில்லை. தெறந்து எடுக்கணும். ஆனா இன்னைக்கு முடியாது. பித்தம் இல்லாம வைட்டமின் கே உடம்புல சேராது. அது சேரலைன்னா ரத்தம் உறையாது. ஊசி போட்டு, உறையுதான்னு பாத்துட்டு, திங்கக்கிழமை செய்யலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "பெரிய ஆபரேஷன். பத்து நாய்க்குப் பண்ணினா ரெண்டு மூணு பொழைக்கறதில்ல. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்."

போட்டேன். என் பெயரை நானே தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன்.

குணசீலன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். டிரிப்ஸ் ஸ்டாண்டு எல்லாம் வேறு பிராணிகளிடம் இருந்ததால் பாட்டிலை அவரே பிடித்துக்கொண்டார். ஸ்டாண்டைவிட உயரம். ஆனால் குழாய் எவ்வளவு நீளுமோ அவ்வளவு தள்ளி, கதவோரமாக நின்று, கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். கொடிக்கம்பம் சாய்ந்த மாதிரி ஒரு கோலம்.

"பக்கத்துல வாங்களேன், கை வலிக்கும்."

"இல்லீங்க, இங்க வெளிச்சம் நல்லாருக்குது."

டிரிப்ஸுக்கு வெளிச்சம் எதற்கு? கேட்கவில்லை. காலரில் எண்ணெய்க் கறை. வெள்ளை வினிகர் போட்டால் போகும் என்று சொல்ல நினைத்தேன். எதற்கு அவர் காலரைப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஆடி பொறந்தாச்சு, மாப்பிள்ளையும் பொண்ணும் இப்படி ஒண்ணாச் சுத்துனா ஒறம்பரை, சொந்தபந்தம் என்ன பேசும்?" என்றாள். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "நாய்க்கு ஒடம்பு சரியில்லாதப்ப ஆடி என்ன ஆவணி என்ன," என்று சொல்லிவிட்டு, சேமியாவின் காலித் தட்டைக் கழுவி அதே இடத்தில் வைத்தார்.

ஜூலை 19, சனி

கொதிக்கிறது எனக்கு!

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து வாங்க வெளியே போக வேண்டியிருந்தது. சேமியாவின் கயிற்றைக் குணசீலன் கையில் வைத்தேன். கரண்டைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார். கயிறு கீழே விழுந்தது. "கை வேர்த்திருக்குதுங்க, நானே போய் வாங்கிட்டு வந்தர்றேன்," என்று ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓட்டம்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த மனிதருக்கு என் நாயைப் பிடிக்கவில்லை. தொட்டதே இல்லை. ஒரு தடவைகூட. மாடியில் சொன்ன 'வரட்டுங்க' வெறும் வாய் வார்த்தை.

மாலையில் போன் செய்து கேட்டே விட்டேன்.

"உங்களுக்குச் சேமியாவைப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க."

அந்தப் பக்கம் எங்கேயோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பிடிக்காம இல்லீங்க."

"அப்புறம்?"

"டவர் சரியாக் கிடைக்கலீங்க," என்று வைத்துவிட்டார். மின்வாரியக்காரருக்கு டவர் கிடைக்கவில்லையாம்!

ஜூலை 20, ஞாயிறு

கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "சரி, சாப்ட்டுட்டுச் சொல்லு," என்றாள். சாப்பிட்டேன். மறுபடி சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

சேமியாவைக் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. நான் ஒரு முனையில். கூப்பிடாமலே வந்த குணசீலன் மறுமுனையில். நடுவில் அம்மா கொடுத்தனுப்பிய தக்காளிச் சாதம். நான் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"எங்க வேலையும் இதேதானுங்க."

நான் திரும்பவில்லை.

"ஊரே இருட்டாக் கெடக்கும். எல்லாரும் திட்டுவாங்க. ஆனா சரி பண்றது கஷ்டமில்லீங்க. எந்த எடத்துல கோளாறுன்னு கண்டுபுடிக்கறதுதான் கஷ்டம். காட்டுக்குள்ள, மழையில, கம்பம் கம்பமாப் போய்ப் பாக்கணும். எடம் தெரிஞ்சுட்டா அப்புறம் சரியாயிரும். டாக்டரம்மா எடத்தைக் கண்டுபுடிச்சுட்டாங்கல்ல."

தக்காளிச் சாதத்தை எப்போது சாப்பிட்டோம் என்று நினைவில்லை. நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கியதாக, பிறகு வந்து பார்த்த அம்மா சொல்கிறாள். பெஞ்சு அந்தப் பக்கம் சரிவாக இருந்தது. வேறொன்றுமில்லை.

மத்தியானம் தாண்டி டாக்டர் நஸ்ரீன் வந்தார். தொப்பியைக் கழற்றினார், முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. குடலைத் திறந்து, அங்கிருந்து மெல்லிய குழாயைப் பித்தக் குழாய்க்குள் ஏற்றி, உப்புத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பைத் தள்ளிவிட்டார்களாம். பித்தப்பையை முழுசாக எடுத்தாயிற்று. ஒரு கிண்ணத்தில் காட்டினார். கரும்பச்சையாக, ரப்பர் மாதிரி ஒரு கட்டி. இதுவா என் சேமியாவைப் படுத்தியது!

"இத்தோட முடியல. ஆபரேஷனைவிட அடுத்த மூணு நாலு நாள்தான் பயம். உள்ள பித்தம் கசியக் கூடாது, கணையம் வீங்கக் கூடாது. பித்தம் ஒழுங்கா எறங்குதுன்னு வெளிய தெரியறதுக்கு ஒரே வழிதான்."

"ஸ்கேனுங்களா?" என்றார் குணசீலன்.

"மலம். பழுப்பாப் போனா, எந்நேரமானாலும் எனக்கு போன் பண்ணுங்க."

ஜூலை 22, செவ்வாய்

தையலைப் பார்த்தேன். தொழில்காரியாகச் சொல்கிறேன், முதல் தரம். ஒரே இடைவெளி, ஒரே இழுப்பு.

சேமியா அதை நக்காமல் இருக்க ஒரு சட்டை தைத்தேன். கையில் இருந்தது என் கல்யாண ரவிக்கையின் லைனிங் துணி மட்டும்தான். நான்கு கால்களுக்கும் ஓட்டை, முதுகில் கொக்கி. அரக்கு நிறம் அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. வார்டில் இருந்த ஜெர்மன் ஷெப்பர்டு எழுந்து நின்று பார்த்தான்.

ஆனால் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஜூலை 23, புதன்

காலையில் வாந்தி. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மருந்தை மாற்றி, "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்," என்றார். அந்த 'பார்ப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் காய்ச்சல். அம்மா என்னைப் பிடித்து வீட்டில் படுக்கவைத்துவிட்டாள். நாளைக் காலை ஆஸ்பத்திரி முறையைக் குணசீலன் தானே பார்த்துக்கொள்வதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பிடிக்காத நாயை எதற்குப் பார்க்க வேண்டும்? வீம்பு.

மாலையில் அவருடைய அக்கா கோகிலா போன் செய்தார். சேமியா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"எப்படித்தான் தம்பிய மாத்துனியோ போ. நாயிருக்கற தெருவுன்னா சுத்திட்டு வேற வழியில போறவன் அவன்."

"என்னங்க?"

"உனக்குச் சொல்லலையா? ஏழு வயசுல தொடையக் கவ்வி இழுத்துட்டுப் போயிருச்சு ஒரு நாயி. அந்தக் காலத்து ஊசி, தொப்புளச் சுத்திப் போடுவாங்களே, அதுதான். தெனமும் ரெண்டு பேரு புடிச்சுக்குவாங்க. இப்பவும் நாய் கொலைச்சாக் கட்டிலு மேல ஏறி நின்னுக்குவான். அம்மாவுக்கு வெளிய சொல்றதுக்கு வெக்கம். அதான் வோல்ட்டு வோல்ட்டுன்னு பீத்திட்டுத் திரியுது."

தண்ணீர்த் தொட்டி மேடை. கேட்டில் நின்றுகொண்டு 'சேமியா எங்கீங்க?' கொடிக்கம்பம். வேர்த்த கை.

ஐயோ தாரிணி, உன்னை மாதிரி ஒரு மட்டி உண்டா?

உடனே அவருக்குப் போன் செய்தேன், நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. 'ஃபீடர் லைன் பழுது வேலையில் இருக்கிறேன். காலையில் நான் போய்விடுவேன். நீங்கள் தூங்குங்கள்' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

தூங்கவாம்!

ஜூலை 24, வியாழன்

விடிந்தும் விடியாமல் போன் அடித்தது.

"தாரிணி! பழுப்பு!"

'ங்க' இல்லை. ஒன்றுமில்லை. வெறும் தாரிணி.

"என்னது?"

"பழுப்புங்க! நல்ல பழுப்பு! காப்பித்தூள் மாதிரி! மரத்தடியில, இப்பத்தான்! டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன், அவங்களும் கத்துனாங்க! அப்புறம் சோறு தின்னுச்சு, நாலு உருண்டை!"

நான் போட்ட கூச்சலில் அம்மா பால் கரண்டியோடு வந்தாள். சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு பூஜை அறைக்கு ஓடினாள். பால் பொங்கி வழிந்தது. யாரும் திட்டவில்லை. அப்பா பட்டறைக்குப் போன் போட்டு, "டேய், நம்ம சேமியா வெளிக்குப் போயிருச்சுடா!" என்றார். அந்தப் பக்கம் வெல்டிங்கை நிறுத்திவிட்டு ஆட்கள் கைதட்டியது எனக்கே கேட்டது. ஒரு நாயின் கழிவுக்கு எங்கள் குடும்பம் தீபாவளி கொண்டாடியது. டாக்டருக்குக் குணசீலன் அதைப் போட்டோ எடுத்து வேறு அனுப்பியிருக்கிறார். எனக்கும் அனுப்பினார். வருங்காலக் கணவரிடமிருந்து எனக்கு வந்த முதல் போட்டோ அது. அழிக்கப் போவதில்லை.

காய்ச்சலாவது ஒன்றாவது, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

வேப்பமரத்தடியில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கயிறு மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றியிருந்தது. அரக்குச் சட்டை போட்ட சேமியா அவருடைய ஷூமேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் கல்லாக நின்றது. மறுகால் எழுந்து ஓடத் தயாராக மடங்கியிருந்தது.

"எந்திரிக்கலாமுல்ல?" என்றேன்.

"தூங்கறாளுங்க," என்றார், உதடு மட்டும் அசைய.

நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "கோகிலாக்கா சொன்னாங்க."

அவர் காது சிவந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா மாடியிலயே வேண்டாம்னிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான்."

"அதானுங்க சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சேமியா எழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு வலிக்க, சத்தமில்லாமல் சிரித்தோம். அந்த வழியாக மாட்டை ஓட்டிப்போன பெரியவர், நாங்கள் அழுவதாக நினைத்து, "கவலப்படாதீங்க சாமி, பொழச்சுக்கும்," என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

சேமியா வீட்டுக்கு வந்தாள்! கண்ணில் இன்னும் லேசாக மஞ்சள் இருக்கிறது. அது மெல்ல மெல்லத்தான் போகும் என்றார் டாக்டர் நஸ்ரீன். எண்ணெய், நெய், கறிக் கொழுப்பு எதுவும் கூடாது. பித்தம் தடையில்லாமல் ஓட ஒரு மாத்திரை, தினமும்.

மாலையில் குணசீலன் வந்தார். கேட்டில் நிற்கவில்லை. நேராக முன்னறைக்கு வந்து, மெஷினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாத்திரை குடுக்கறது எப்படின்னு கத்துக்குடுங்க."

"நான் குடுத்துக்கறேன். நீங்க எதுக்கு?"

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லைன்னா? நம்ம வீட்டுல அப்ப யாரு குடுப்பா?"

நம்ம வீட்டுல என்றார். அம்மா சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டாள். ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொல்லிக்கொடுத்தேன். மேல்தாடையை இப்படிப் பிடிக்கணும், வாயைத் திறக்கணும், மாத்திரையை நாக்குக்குப் பின்னால் தொண்டையோரம் வைக்கணும், வாயை மூடித் தொண்டையைத் தடவணும். அவர் மாத்திரையை விரல்நுனியில் எடுத்தார். சேமியாவின் பற்களைப் பார்த்தார். கண்ணை இறுக மூடினார். இடதுகையால் எதையோ பிடித்துக்கொள்ளத் துழாவினார். அது என் கையாக இருந்தது.

வலதுகை சேமியாவின் வாய்க்குள் போனது.

சேமியா தலையை ஆட்டக்கூட இல்லை. மாத்திரையை விழுங்கினாள், அவர் விரல்களை ஒரு தடவை நக்கினாள், திரும்பி வந்து என் காலடியில் சுருண்டு படுத்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் இல்ல," என்றேன், அவர் கையை விடாமல்.